பெரிய வீட்டு ரகசியங்கள்: மலையிலிருந்து வந்த கேள்விகள்

செல்வந்தக் குடும்பம் ஒன்று ஒரே கூரையின் கீழ் கூடும்போது, ஆண்டுக்கணக்கில் மூடிவைத்தவை ஒவ்வொன்றாக வெளிப்படும் வகைத் திரைப்படங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்திருக்கின்றன. அத்தகைய கதைகள் நடப்பதாகச் சொல்லப்படும் பங்களாக்களுக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்கள் எழுதிய கடிதங்கள் என்பதால், அவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். சில படங்களின் முடிவைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியவில்லை. பார்க்காதவர்கள் அந்தப் பத்திகளைத் தாண்டிச் செல்லலாம்.

கேள்வி: பத்துப் பன்னிரண்டு முக்கியப் பாத்திரங்கள் வரும் குடும்பப் படங்களில், முதல் அரை மணி நேரம் யார் யாருக்கு என்ன உறவு என்றே எனக்குப் பிடிபடுவதில்லை. இது என் கவனக்குறைவா, இயக்குநரின் குறையா?
– குன்னூர் வாசகர்

பதில்: உங்கள் கவனக்குறைவு இல்லை. முதல் அரை மணி நேரம் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எண்ணியே சில இயக்குநர்கள் படத்தை அமைக்கிறார்கள். ராபர்ட் ஆல்ட்மன் 2001இல் இயக்கிய 'காஸ்ஃபோர்ட் பார்க்', 1932ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஒரு மாளிகையில் வேட்டைக்காகக் கூடிய விருந்தினர்களையும் அவர்களுடைய பணியாளர்களையும் பற்றியது. அதில் இரண்டு கேமராக்கள் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருந்தன. நடிகர்களுக்குத் தனித்தனி ஒலிவாங்கி பொருத்தப்பட்டிருந்ததால், ஒருவர் பேச்சின்மேல் இன்னொருவர் பேச்சு ஏறிவிழுவதையும் அப்படியே பதிவு செய்ய முடிந்தது. பார்ப்பவர், தெரியாத வீட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துவிட்டவரைப்போல, அரைகுறையாகக் காதில் விழுவதைக் கொண்டே உறவுகளை ஊகிக்க வேண்டியிருக்கிறது.

சத்யஜித் ராய் 1962இல் எடுத்த 'காஞ்சன்ஜங்கா' இதற்கு நேர் எதிரான வழியில் செல்கிறது. டார்ஜிலிங்கில் விடுமுறையைக் கழித்த ஒரு செல்வந்தக் குடும்பத்தின் கடைசி நாள் அது. குடும்பத்தினர் இருவர் இருவராகப் பிரிந்து மலைப்பாதையில் நடக்கிறார்கள். மூத்த மகளும் அவள் கணவரும் ஓரிடத்தில் தங்கள் திருமணத்தின் விரிசலைப் பேசுகிறார்கள். இளைய மகளை மணக்க விரும்பும் பொறியாளர் வேறோரிடத்தில் அவளுடைய சம்மதத்துக்காகக் காத்து நடக்கிறார். கதையில் கழியும் நேரமும் படம் ஓடும் நேரமும் ஏறத்தாழ ஒன்றே. எல்லோரையும் ஒரே சமயத்தில் மனத்தில் சுமக்கும் வேலையை ராய் நமக்குத் தருவதில்லை. ஓர் இணையை விட்டு இன்னோர் இணைக்கு நாம் செல்வதற்குள் முன்னவர்கள் சற்றுத் தூரம் நடந்திருப்பார்கள், அவர்கள் பேச்சும் அதே அளவு நகர்ந்திருக்கும்.

தமிழில் எழுதுகிறவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. 'அத்தான்', 'அண்ணி', 'சின்ன மாமனார்' என்று ஒருவரை ஒரு முறை விளித்துவிட்டால், உறவும் வயது வரிசையும் எந்தப் பக்கத்துச் சொந்தம் என்பதும் அந்த ஒரே விளியில் வந்துவிடும். பின்னணிக் குரலில் அறிமுகம் செய்ய வேண்டிய தேவையே இல்லை.

அடுத்த முறை இப்படியொரு படம் பார்க்கும்போது உறவுமுறையை மனப்பாடம் செய்ய முயலாதீர்கள். யார் உள்ளே வந்ததும் யார் பேச்சை நிறுத்துகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். யாருக்கு எது தெரியும், அது யாருக்குத் தெரியக் கூடாது என்பதுதான் இவ்வகைப் படங்களின் உண்மையான வம்சாவளி.

கேள்வி: என் மாமியார் கோத்தகிரிப் பக்கம் ஒரு பங்களாவில் நெடுங்காலம் சமையல் செய்தவர். படங்களில் வீட்டு வேலை செய்கிறவர்கள் ஒட்டுக்கேட்பவர்களாகவும் கோள் சொல்பவர்களாகவும் மட்டுமே ஏன் வருகிறார்கள்? என் மாமியார் அந்த வீட்டில் எவ்வளவோ பார்த்திருக்கிறார். ஒரு வார்த்தை வெளியே சொன்னதில்லை.
– கோத்தகிரி வாசகி

பதில்: அம்மா, இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான்.

மலையிலுள்ள பழைய பங்களாக்களின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். பல வீடுகளில் சமையற்கட்டு பின்புறம் தனியாக இருக்கும். முன்கூடத்திலும் படுக்கை அறைகளிலும் கணப்பு இருக்கும். அந்தக் கணப்புக்கு விறகு கொண்டுவந்து அடுக்கி மூட்டுவதற்கும், குளிக்க வெந்நீர் வைப்பதற்கும், காலையில் தேநீர்த் தட்டை ஏந்திச் செல்வதற்கும் ஒருவர் எல்லா அறைகளுக்குள்ளும் நாள்தோறும் போய்வந்தே ஆக வேண்டும். எந்த அறைப் படுக்கை கலையாமல் கிடக்கிறது, யாருடைய தட்டு தொடாமலே திரும்பி வருகிறது, எந்தக் கடிதம் கணப்புச் சாம்பலில் பாதி எரிந்து கிடக்கிறது என்பதையெல்லாம் அறிய அவர் எந்தக் கதவிலும் காதை வைக்க வேண்டியதில்லை. வேலையைச் செய்தாலே போதும், தெரிந்துவிடும். ஒட்டுக்கேட்பதாகக் காட்டும் இயக்குநர், ஒரு வீடு எப்படி நடக்கிறது என்பதை அறியாதவர் என்றே நான் எண்ணுகிறேன்.

இதைச் சரியாக உணர்ந்து எடுக்கப்பட்டது மேலே சொன்ன 'காஸ்ஃபோர்ட் பார்க்'. மாடியில் செல்வந்தர்கள் பேசும் காட்சிகள் ஒரு பணியாளரும் அங்கே இருந்தால் மட்டுமே நமக்குக் காட்டப்படும் என்ற நியதியின்படி அந்தப் படம் கட்டப்பட்டது. தட்டை எடுக்க வந்தவரோ, மேலங்கியை மாட்டிவிட வந்தவரோ அறையின் ஓரத்தில் நிற்பார். அந்த வீட்டு ரகசியத்தின் வேர், எஜமானர் நடத்திய தொழிற்சாலையில் வேலை செய்த இளம்பெண்களிடம் இருக்கிறது. அதை அறிந்து தீர்க்கிறவரும் கீழ்த்தளத்தைச் சேர்ந்தவர்தான். விசாரிக்க வரும் காவல் அதிகாரி பணியாளர்களைப் பொருட்படுத்தாமல் போவதால் உண்மை அவருக்குக் கடைசிவரை கிடைப்பதில்லை. அதன் திரைக்கதைக்காக ஜூலியன் ஃபெல்லோஸ் ஆஸ்கர் விருது பெற்றார்.

டென்மார்க்கின் தாமஸ் வின்டர்பெர்க் 1998இல் எடுத்த 'ஃபெஸ்டன்' இன்னும் ஓர் அடி முன்னே போகிறது. குடும்பத் தலைவரின் அறுபதாவது பிறந்தநாள் விருந்து. வாழ்த்துச் சொல்ல எழுந்த மூத்த மகன், குழந்தைப் பருவத்தில் தனக்கும் இறந்துபோன தன் இரட்டைச் சகோதரிக்கும் தந்தை இழைத்த கொடுமையை, வந்திருந்த அத்தனை பேர் முன்னிலையிலும் சொல்லிவிடுகிறான். விருந்தினர்கள் சற்றே தடுமாறிவிட்டு மறுபடியும் சாப்பிடத் தொடங்குகிறார்கள். பலர் கிளம்பிப் போய்விடவே விரும்புகிறார்கள். அப்போது சமையற்கட்டில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? அறைகளுக்குச் சென்று கார்ச் சாவிகளை எடுத்து ஒளித்துவைக்கிறார்கள். யாரும் ஓடிவிட முடியாது. கேட்டே ஆக வேண்டும். மகனோடு சிறுவயது முதல் பழகிய சமையற்காரர்தான் இதற்கு முன்னிற்பவர். அவர்கள் கோள் சொல்லவில்லை. உண்மை பேசப்படுவதற்கான இடத்தைக் காவல் காத்தார்கள்.

நம் தமிழ்ப் படங்கள் இந்தப் பாத்திரங்களை நெடுங்காலம் நகைச்சுவைப் பகுதிக்கு ஒதுக்கிவிட்டன. எஜமானர் அழும் காட்சி முடிந்ததும் பட்லரும் தோட்டக்காரரும் வந்து சிரிக்கவைத்துவிட்டுப் போவார்கள். உங்கள் மாமியாரின் மௌனத்தை அதற்குள் அடக்க முடியாது. அது பிழைப்புக்காகக் காத்த மௌனமாக இருக்கலாம். பங்களாவுக்குப் பின்னால் குடியிருக்கக் கொடுத்த வீடு போய்விடும் என்ற அச்சம் அதில் கலந்திருக்கலாம். தன் கையால் சோறூட்டி வளர்த்த அந்த வீட்டுக் குழந்தைகளின் மீதுள்ள இரக்கமும் இருந்திருக்கலாம். ஒரு குடும்பத்தின் மானத்தைக் காப்பது கூலியில்லாத இரண்டாவது வேலையாக அவர்மேல் விழுந்திருக்கிறது. அவர் இப்போதும் உங்களோடு இருக்கிறாரென்றால், அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டாம். சொல்லாமல் இருந்தது எப்படி இருந்தது என்று கேளுங்கள். அந்தப் பதிலைக் கொண்டு எடுக்கப்படும் படம் இனிமேல்தான் தமிழில் வர வேண்டும்.

கேள்வி: பணக்காரக் குடும்பம், பழைய ரகசியம் என்றாலே ஊட்டி பங்களாவைக் காட்டுகிறார்கள். இது வெறும் பழக்கமா, ஏதேனும் காரணம் உண்டா?
– உதகமண்டலம், கல்லூரி மாணவி

பதில்: காரணம் உண்டு, மகளே. கோவைக் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களின் தொடக்கத்தில் உதகையில் வீடு கட்டத் தொடங்கியதிலிருந்தே, இங்கு வந்த செல்வம் பெரும்பாலும் வேறிடத்தில் ஈட்டப்பட்டது. சென்னை மாகாண அரசு கோடைக்கு இங்கே இடம்பெயர்ந்தது; மைசூர் போன்ற சமஸ்தானங்களின் மன்னர்கள் அரண்மனை வைத்திருந்தார்கள்; பின்னர் கோவையின் ஆலை முதலாளிகள் வீடு வாங்கினார்கள். இப்படிப்பட்ட வீடு ஒரு குடும்பத்தின் இரண்டாவது வீடு. சீசனில் சில வாரங்கள் திறந்திருக்கும், மற்ற மாதங்களில் வாட்ச்மேனின் பொறுப்பில் பூட்டிக் கிடக்கும். ஊரில் உள்ள பெரிய வீட்டில் அக்கம்பக்கத்தாரும் சொந்தக்காரர்களும் நாள்தோறும் வந்துபோவார்கள். அங்கே மறைக்க முடியாத ஒன்றை மறைக்க, யாரும் வராத மலைவீடு வசதியாக இருக்கிறது.

இன்னொரு காரணம், கோபித்துக்கொண்டு சட்டென்று வெளியேற முடியாமை. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வழியாக ஏறும் மலைப்பாதையும், முப்பத்தாறு கொண்டைஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையும் இரவு நேரத்தில் ஆத்திரத்தோடு ஓட்டக்கூடியவை அல்ல. வடகிழக்குப் பருவமழையில் குன்னூர்ப் பாதையில் மண் சரிந்துவிட்டால், பேச விரும்பாத உடன்பிறப்புகள் இன்னோர் இரவும் ஒரே மேசையில் சாப்பிட்டாக வேண்டும். 'ஃபெஸ்டன்' படத்தில் கார்ச் சாவிகளை ஒளித்து உண்டாக்கிய நிலையை, இங்கே மழையே உண்டாக்கிக் கொடுத்துவிடுகிறது.

மலையில் நடப்பதாகச் சொல்லப்பட்ட படங்களில் 'புதிய பறவை'யை நான் தனியே வைக்கிறேன். தாதா மிராசி இயக்கத்தில் 1964இல் வந்தது. மனைவி இறந்துவிட்டாள் என்று சொல்லும் செல்வந்தன் கோபாலின் வீட்டுக்கு, அவன் மனைவி நான்தான் என்று ஒரு பெண் வந்து நிற்கிறாள். அவள் போலி என்று அவன் அறிவான். ஏனென்றால் உண்மை மனைவிக்கு என்ன நேர்ந்தது என்பதை அவன் ஒருவனே அறிவான். ஆனால் அதைச் சொன்னால்தான் இவள் போலி என்று நிரூபிக்க முடியும். ரகசியம் ஒன்றைக் காப்பவனை இதைவிட இறுக்கமாக ஒரு திரைக்கதை முடிச்சிட்டுப் பார்த்ததில்லை. கடைசியில், காதலி லதா உட்பட அவனைச் சுற்றி நடித்துக்கொண்டிருந்தவர்கள் காவல்துறையினர் என்று தெரிகிறது. தான் மறைத்துக்கொண்டிருப்பதாக அவன் நம்பிய அத்தனை நாளும் அவன் வீடே அவனைக் கவனித்துக்கொண்டிருந்தது. முடிவு தெரிந்த பிறகு மறுபடியும் பாருங்கள். சிவாஜி கணேசனின் முகத்தில் ஒவ்வொரு காட்சியும் வேறு பொருள் தரும்.

அண்மைக் காலத்தில், ஷகுன் பத்ரா 2016இல் இயக்கிய 'கபூர் அண்ட் சன்ஸ்' என்னும் இந்திப் படம் குன்னூரில் நிகழ்கிறது. அது பெருஞ்செல்வரின் கதை இல்லை. வசதி குறைந்துகொண்டே வரும் ஒரு வீட்டின் கதை. தாத்தாவுக்கு உடல்நிலை சரியில்லாமல் போக, வெளிநாட்டிலிருந்து இரு பேரன்களும் வருகிறார்கள். அவருக்கு ஒரே ஓர் ஆசை, எல்லோரும் சேர்ந்து நிற்கும் ஒரு குடும்பப் புகைப்படம். அந்தப் புகைப்படம் எடுக்கக் கூடும் நாளில்தான் தந்தையின் வேறோர் உறவும், தாய் ஒரு மகனுக்காக இன்னொரு மகனுக்குச் செய்த துரோகமும், மூத்தவன் மறைத்துவைத்த தன் வாழ்வும் அடுத்தடுத்து வெடிக்கின்றன. எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய ஒரு காட்சி: வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வந்தவர் கருவிகளோடு நின்றுகொண்டிருக்க, குடும்பம் முழுவதும் அவர் எதிரிலேயே சண்டையிடுகிறது. வெளியாள் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதால் அந்தச் சண்டை நமக்கு இரட்டிப்பாக உறைக்கிறது.

என் மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் படங்களில் உதகையும் குன்னூரும் இருக்கின்றன. உதகைக்காரர்களும் குன்னூர்க்காரர்களும் அநேகமாக இல்லை. மலை, பனிமூட்டமாகவும் வளைந்த சாலையாகவும் தேயிலைச் சரிவாகவும் வந்துபோகிறது. அந்தச் சரிவில் கொழுந்து எடுக்கிறவர்களுக்கும், அந்தக் குடும்பத்தின் கணக்கைப் பார்க்கிறவருக்கும், பக்கத்து ஹட்டி என்னும் சிற்றூரில் தலைமுறைகளாக வாழும் படுகர் குடும்பங்களுக்கும் அந்த வீட்டைப் பற்றி ஒரு கருத்து இருக்குமல்லவா? அது கதைக்குள் வரும்போதுதான் படம் இந்த மலையில் நடக்கிறது என்று நான் ஒப்புக்கொள்வேன். பனிமூட்டத்தையும் அலங்காரமாக மட்டும் வைக்காமல் கதைக்குள் கொண்டுவர முடியும் என்பதற்குக் 'காஞ்சன்ஜங்கா' சான்று. அங்கே வெயிலும் மூட்டமும் மாறி மாறி வருவது பேசுகிறவர்களின் மனநிலையோடு இணைந்தே செல்கிறது. நாள் முழுவதும் சிகரம் தெரியாதா என்று காத்திருந்த குடும்பத் தலைவர், இறுதியில் அது முழுமையாகத் தெரியும்போது, தான் எதிர்பார்த்தபடி எவரும் வந்து நிற்காததால் திகைத்து, அதைக் கவனிக்காமலே நடக்கிறார்.

கேள்வி: படங்களில் தந்தை இறந்ததும் வக்கீல் வந்து, எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து உயிலைப் படிக்கிறார். உண்மையில் அப்படி நடக்குமா?
– அரவங்காடு வாசகர்

பதில்: அப்படிப் படிக்க வேண்டும் என்று நம் சட்டத்தில் எங்கும் இல்லை. வேற்றுநாட்டுக் கதைகளிலிருந்து வந்து நம் படங்களில் நிலைத்துவிட்ட காட்சி அது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதுகிறவர் கையொப்பமிட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் சான்றொப்பமிட வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவு செய்வது அவரவர் விருப்பம். படக் காட்சிக்குச் சற்றே நெருக்கமான ஏற்பாடு ஒன்று பதிவுச் சட்டத்தில் இருக்கிறது: ஒருவர் தம் உயிலை உறையிலிட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்துவிடலாம். அவர் இறந்த பிறகு விண்ணப்பித்தால், விண்ணப்பித்தவர் முன்னிலையில் அந்த உறை திறக்கப்படும். அரசு அலுவலகத்தின் மர மேசைக்கு முன் அண்ணனும் தங்கையும் நிற்க, ஓர் அலுவலர் எந்த உணர்ச்சியும் காட்டாமல் முத்திரையை உடைக்கும் காட்சி, கூடத்தில் வக்கீல் கனைத்துக்கொண்டு படிப்பதைவிட எவ்வளவோ வலுவானது. ஏன் யாரும் எடுக்கவில்லை என்று தெரியவில்லை.

சாட்சிகளையும் திரைக்கதை ஆசிரியர்கள் மறந்துவிடுகிறார்கள். உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்பது சாட்சிக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் உயில் ஒன்று இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். எஸ்டேட் கணக்குப்பிள்ளையோ ஓட்டுநரோ அப்படிக் கையெழுத்திட்டிருந்தால், பிள்ளைகள் 'அப்பா எதுவும் எழுதிவைக்கவில்லை' என்று அடித்துப் பேசும்போது, தேநீர் கொடுத்துக்கொண்டோ காரைத் துடைத்துக்கொண்டோ பக்கத்தில் இருக்கும் அவருடைய நிலை என்ன?

இன்னும் இரண்டு சட்ட விவரங்கள் இவ்வகைக் கதைகளுக்கு உயிர்நாடியானவை. 'மகளுக்கு ஒரு பிடி மண்கூட இல்லை' என்று தந்தை முழங்குவது பூர்விகச் சொத்தைப் பொறுத்தவரை இன்று செல்லாது. தமிழ்நாடு 1989இலேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அதற்கு முன் திருமணமாகாத மகள்களுக்கு மகன்களோடு சம பங்கு கொடுத்தது. 2005இல் வந்த மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் அந்த உரிமையை விரித்தது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை என்பதை 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

அடுத்தது இரண்டாவது குடும்பம் பற்றியது. சென்னை மாகாணத்தில் 1949ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக்களின் இருதார மணத்தைத் தடைசெய்தது. 1955இன் இந்துத் திருமணச் சட்டம் அதை நாடு முழுவதற்குமாக்கியது. அதற்கு முன்பு செல்வந்தர் வீட்டில் இளைய மனைவி வெளிப்படையாகவே வாழ முடிந்தது. தடை வந்த பிறகுதான் அவளும் அவள் பிள்ளைகளும் மறைக்கப்பட வேண்டியவர்கள் ஆனார்கள். நம் படங்களில் தந்தை இறந்த பதின்மூன்றாம் நாள் வாசலில் வந்து நிற்கும் அறிமுகமில்லாத மகனின் கதையும் அங்கிருந்தே தொடங்குகிறது. செல்லாத திருமணத்தில் பிறந்தாலும் அந்தப் பிள்ளைக்குத் தன் தந்தையின் சொத்தில் பங்குண்டு என்று சட்டம் சொல்கிறது. ஆகவே அவன் பிச்சை கேட்கவோ பழிவாங்கவோ வந்தவனாக இருக்க வேண்டியதில்லை. தன் பங்கைக் கேட்டு வந்தவனாக, நிமிர்ந்து நிற்கிறவனாக அவனை எழுதலாம்.

கேள்வி: ரகசியத்தைக் கடைசிக் காட்சியில் உடைப்பது சிறந்ததா, முன்கூட்டியே உடைப்பதா?
– வெலிங்டன் வாசகர்

பதில்: கொலையாளி யார் என்ற கேள்வியில் நிற்கும் கதைக்குக் கடைசிதான் இடம். எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) பாடலே இல்லாமல், ஒவ்வொருவர் கூற்றாக நம்மை நடத்திச் சென்று முடிவில் திறப்பது இன்றும் வியக்கவைக்கிறது. குடும்பக் கதைக்கு நான் முன்கூட்டி உடைப்பதையே விரும்புகிறேன். உண்மை வந்த பிறகு அந்த வீட்டில் மறுநாள் காலை யார் யாருக்குக் காபி கொடுக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டாமா?

கேள்வி: ஏன் எப்போதும் பணக்கார வீட்டு ரகசியங்கள்? தோட்டத் தொழிலாளர்களான எங்கள் லைன் வீடுகளில் ரகசியம் கிடையாதா?
– கூடலூர் வாசகர்

பதில்: உண்டு. ஆனால் ரகசியம் நெடுநாள் வாழ இடம் வேண்டும். ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் லைன் வீட்டில், இரவு எழுந்த சத்தம் காலையில் தண்ணீர்க் குழாயடிக்கு வந்துவிடுகிறது. பெரிய வீட்டில் அறைகள் தனித்தனி, கதவுகள் கனமானவை, பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளில் படிக்கிறார்கள், கணவனும் மனைவியும் வெவ்வேறு ஊர்களில் இருப்பதற்குத் தொழில் ஒரு காரணமாகக் கிடைத்துவிடுகிறது.

அதைவிட முக்கியமானது சொத்து. மனம் கசந்த அண்ணன் தம்பிகள் சொத்தில்லாத வீட்டில் பிரிந்து போய்விடலாம். பாகம் பிரிக்காத எஸ்டேட்டும் தேயிலைத் தொழிற்சாலையும் இருந்தால், ஒருவர் கையெழுத்தில்லாமல் மற்றவரால் முழுவதையும் விற்க முடியாது, அதை வைத்துக் கடன் வாங்க முடியாது. வெறுத்தாலும் சேர்ந்திருக்க வேண்டிய கட்டாயத்தில்தான் இந்தக் கதைகள் பிறக்கின்றன. நம் படங்கள் 'எஸ்டேட் முதலாளி' என்று சொல்லிவிட்டுப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை விட்டுவிடுகின்றன. குன்னூரில் வாரந்தோறும் நடக்கும் தேயிலை ஏலத்தில் விலை இறங்கினால் அந்தக் குடும்பத்தில் என்ன ஆகும், யாருடைய படிப்பு நிற்கும், யாருடைய நகை அடகுக்குப் போகும், அதே வாரத்தில் உங்கள் லைனில் யாருடைய சம்பளம் தள்ளிப்போகும் என்று ஒரு படம் காட்டினால், பெரிய வீட்டு ரகசியமும் உங்கள் வீட்டுக் கதையும் ஒரே கதையாகிவிடும்.

கேள்வி: தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குக் காபித் தோட்டம் இருந்தது. என் தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தார் என்பதே, அந்தத் தம்பி இறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அப்பா, பெரியப்பா, அத்தை எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது, ஒருவரும் சொன்னதில்லை. இதைத் திரைக்கதையாக எழுத விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?
– கொடைக்கானல் வாசகி

பதில்: சின்னத் தாத்தாவுக்கு என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்காதீர்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் படம் அந்த வரியில் இருக்கிறது. ஒரு பெயரைப் பல பத்தாண்டுகள் உச்சரிக்காமல் இருக்க ஒரு குடும்பம் எவ்வளவு உழைத்திருக்க வேண்டும்! திருமணப் பத்திரிகையில் பெயர் போடும்போது அதைத் தவிர்த்திருக்க வேண்டும். பழைய புகைப்படங்களை ஆல்பத்திலிருந்து எடுத்திருக்க வேண்டும். குழந்தையான நீங்கள் ஏதோ கேட்டபோது யாரோ ஒருவர் பேச்சை மாற்றியிருக்க வேண்டும். அவர் யார் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா?

ஒரு தாளில் குடும்பத்தினர் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதுங்கள். அதற்கு எதிரே, அவருக்கு அது எப்போது தெரிந்தது, யார் சொல்லித் தெரிந்தது, சொல்லியிருந்தால் அவர் எதை இழந்திருப்பார் என்று எழுதுங்கள். தோட்டத்தில் வேலை செய்தவர்களையும் அந்தத் தாளில் சேர்க்க மறக்க வேண்டாம். மேஸ்திரிக்குத் தெரியாமல் ஒரு சின்ன முதலாளி ஒரு தோட்டத்திலிருந்து மறைந்துவிட முடியாது. அந்தத் தாள் நிறைந்ததும் திரைக்கதையின் எலும்புக்கூடு உங்களிடம் இருக்கும். எல்லோரையும் கூட்டும் நிகழ்ச்சிக்கும் நீங்கள் அலைய வேண்டாம். தோட்டம் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் விற்றிருக்கிறீர்கள். விற்கும் நாளில் எல்லோரும் கையெழுத்திடப் பதிவு அலுவலகத்துக்கு வந்திருப்பார்கள். அன்று மதியச் சாப்பாடு எங்கே நடந்தது? யார் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்? பங்குதாரர்களின் பட்டியலில் சின்னத் தாத்தாவின் பெயர் எங்கேயாவது இருந்ததா?

ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. மலையூர்கள் சிறியவை, காபித் தோட்டம், மூன்று பிள்ளைகள், காணாமற்போன தம்பி என்றால் தாண்டிக்குடியிலிருந்து பண்ணைக்காடு வரை எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடுவார்கள். தொழிலை மாற்றுங்கள், உடன்பிறந்தோரின் எண்ணிக்கையை மாற்றுங்கள், வேண்டுமானால் ஊரையே மாற்றுங்கள். உங்கள் குடும்பம் மௌனம் காத்த விதத்தை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் படிக்கும் அந்நியர் எவரும் அது உங்கள் வீடு என்று கண்டுபிடிக்க மாட்டார்.

அத்தை இன்னும் இருக்கிறார் என்றே உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தோன்றுகிறது. முதல் பிரதியை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லும் பகுதியை எடுத்துவிடுங்கள். வாதாட வேண்டாம், அந்த வலியை உங்களுக்கு முன்பே சுமந்தவர் அவர். அவர் திருத்திச் சொல்லும் பகுதியை மட்டும் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்; 'அவன் அப்படிச் சொல்லவில்லை, இப்படித்தான் சொன்னான்' என்று ஒரே ஓரிடத்தில் அவர் திருத்தினாலும், உங்களுக்குக் கிடைக்க வேண்டிய காட்சி கிடைத்துவிட்டது. அதன் பிறகு இரண்டாவது பிரதியை எழுதி இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். நான் முழுமையாகப் படித்து உங்களுக்குத் தனியே மறுமொழி எழுதுகிறேன்.